தொப்பூர் இறக்கமும் தாத்தாவின் டில்லரும்

நீங்க இப்போ கேட்ட அந்த 'டக்... டக்... டக்' ஸ்டுடியோவில் சேர்த்த சத்தம் இல்லை. தொப்பூர் பக்கத்தில் எங்க தாத்தா வீட்டுக் களத்துமேட்டில், போன மாசம் என் போனிலேயே பதிவு பண்ணினது. ஒரு பழைய பவர் டில்லர். கடைசியில் ஆள் இருமுற மாதிரி ரெண்டு தடவை இருமிட்டு நின்னுச்சே, அதுக்குப் பேர் ஏர் லாக். அதைப் பத்தியும் பேசுவோம்.

பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் போனவங்களுக்குத் தொப்பூரைத் தெரிஞ்சிருக்கும். தர்மபுரி தாண்டி, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒரு கணவாய்க்குள் வளைஞ்சு வளைஞ்சு இறங்கும். செய்தியில் தொப்பூர்னு பேர் வந்தாலே பெரும்பாலும் லாரி விபத்துதான். டீசல் மிச்சமாகும்னு நியூட்ரலில் இறக்குவாங்க. இன்ஜின் பிடிப்பு போயிடும், மொத்தச் சுமையும் பிரேக் மேல விழும், பாதி இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காது. அந்த இறக்கத்துக்கும் எங்க வீட்டு டில்லருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. அதுக்கு முன்னாடி இந்த மெஷின் எங்க ஊர் வரைக்கும் எப்படி வந்து சேர்ந்துச்சுன்னு பார்த்துடலாம்.

அமெரிக்காவில் 'கார்டன் டிராக்டர்' என்று ஒரு வகை உண்டு. வீட்டைச் சுற்றி ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் உட்கார்ந்து ஓட்டும் குட்டி டிராக்டர். 1961-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட், 1963-இல் ஜான் டியரின் 110 என்று அந்த வகை அங்கே பிரபலமானது. இன்றைக்கு அந்தப் பழைய வண்டிகளை வாங்கி, கடைசி நட்டு வரை கழட்டி, துருவைச் சுரண்டி, பழைய நிறத்தையே தேடிப் பூசி, ஷோரூமிலிருந்து வந்த மாதிரி ஆக்குவது அங்கே பெரிய பொழுதுபோக்கு. 2020 ஊரடங்கில் அந்த வீடியோக்களை நான் ராத்திரி பகலா பார்த்தேன். அதனால் வந்த வினை பின்னாடி வருது.

நம்ம பக்கம் தோட்டம்ங்கிற சொல்லுக்கு அர்த்தமே வேற. சேலம், தர்மபுரி, கோயமுத்தூர் வட்டாரத்தில் தோட்டம்னா ரோஜாச் செடியும் புல்தரையும் இல்லை. வானம் பார்த்த நிலம் 'காடு'. அதே நிலத்தில் கிணறு வெட்டித் தண்ணி பாய்ச்சினா அது 'தோட்டம்'. வெள்ளைக்காரர்களின் நிலவரிக் கணக்கிலும் இந்த மாவட்டங்களில் நஞ்சை, புஞ்சை தவிர தோட்டக்கால் என்று ஒரு வகை வரும். அதை ஆங்கிலத்தில் 'கார்டன்' என்றே எழுதினார்கள். அந்த அர்த்தத்தில் எடுத்துக்கிட்டா, எங்க தாத்தாவோட டில்லர் அசல் கார்டன் டிராக்டர். என்ன, உட்கார முடியாது. பின்னாடியே நடக்கணும்.

கதை நெல்வயலில் ஆரம்பிக்கலை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கில்காண்ட்ரா என்ற ஊரில், 1912-இல், ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்டு என்ற இளைஞர் அப்பாவின் நீராவி இன்ஜினை வைத்து ஒரு சோதனை செய்தார். கலப்பையை மண்ணில் இழுக்காமல், சுழலும் தண்டில் கத்திகளைப் பொருத்தி மண்ணைக் கொத்தினால் என்ன? முதலில் மண் பக்கவாட்டில் சிதறியது. கத்தியை 'எல்' வடிவத்துக்கு வளைத்த பிறகு சரியாக வந்தது. 1920-இல் காப்புரிமை வாங்கினார், 1922-இல் கம்பெனி ஆரம்பித்தார். ஏறக்குறைய அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் கொன்ராட் ஃபோன் மேயன்பர்க் என்பவரும் இதே யோசனையைத் தனியாகப் பிடித்திருந்தார். சுவிஸ் மெஷின்கள் ஜப்பானுக்குப் போயின. அங்கே நெல்வயல் சேற்றுக்கு ஏற்ற மாதிரி உள்ளூர்ப் பட்டறைகள் மாற்றிக்கொண்டே இருந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் நிலச் சீர்திருத்தம் வந்தது. குத்தகைக்காரர்கள் சொந்தக்காரர்கள் ஆனார்கள், ஆனால் ஆளுக்குக் கையகல நிலம். அந்த வயலில் பெரிய டிராக்டர் திரும்பக்கூட முடியாது. 1950-களில் டில்லர் காட்டுத்தீ மாதிரிப் பரவியது. 1960-களின் நடுவில் அங்கே 20 லட்சத்துக்கும் மேல் டில்லர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இந்தியாவுக்கு அது வந்தது 1960-களின் தொடக்கத்தில். 1967-இல் பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியோடு கைகோத்து இங்கேயே செய்ய ஆரம்பித்தது. 1973-இல் கேரளத்தின் அத்தாணியில் காம்கோ, குபோட்டா தொழில்நுட்பத்தோடு வந்தது. நிலம் துண்டாவது நம்ம ஊரிலும் நடந்த கதைதான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் ரெண்டுகூட இல்லை.

ஆனா ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. ஜப்பானில் பிறந்த மெஷினை, நாலாவது வரை படிச்ச எங்க தாத்தா, ஒரு மேனுவலும் இல்லாம, வேப்பமரத்தடியில் சாக்கை விரிச்சுப் போட்டு எப்படிக் கழட்டி மாட்டினார்?

பதில் கிணற்றில் இருக்கிறது என்பது என் எண்ணம். எங்க தோட்டத்தில் முதலில் கவலை. ரெண்டு மாடு இறவைப் பள்ளத்தில் இறங்கினால் பறி மேலே வரும். 1900-களின் முதல் ஆண்டுகளிலேயே ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் என்ற அதிகாரி சென்னை மாகாணத்தில் ஆயில் இன்ஜினும் பம்பும் வைத்துக் கிணற்றுப் பாசனம் செய்ய முடியும் என்று ஊர் ஊராக நிரூபித்துக்கொண்டிருந்தார். அந்த இன்ஜின் ஏழை விவசாயியின் கிணற்றடிக்கு வந்து சேர இன்னும் இரண்டு தலைமுறை ஆனது. வந்த பிறகு, ஊருக்கு ஊர் அதைப் பார்க்க ஒரு ஆள் உருவானார். அடுத்து மின்சாரம் வந்தது. 1990-இல் தமிழ்நாட்டில் விவசாயிகள் எல்லாருக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம் ஆனது. ஆயில் இன்ஜின்கள் சாளைக்குள் ஒதுங்கின. ஆனால் அதைப் பிரித்துப் பழகிய கைகள் ஒதுங்கவில்லை. டில்லரில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே சாமான்தான்: ஒற்றை சிலிண்டர், படுக்கைவாட்டில், தண்ணீர்த் தொட்டியில் குளிரும் டீசல் இன்ஜின். அதுக்குச் சக்கரம் மாட்டி, பின்னாடி கத்தி கட்டிவிட்டிருக்கு, அவ்வளவுதான். எங்க தாத்தா கிணத்து இன்ஜின் பார்த்த ஆள். டில்லர் அவருக்குப் புதுசா தெரிஞ்சிருக்காது.

அவர் அதை 1988-இல் பழசாக வாங்கினார், காவேரிப்பட்டணம் பக்கம் கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் நெல் போட்டவர் ஒருத்தர்கிட்ட. எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறதில்லை. பேர் எழுதின தகடே போயிடுச்சு, அதோட இந்தக் கதையில் தப்பு கம்பெனி மேல இல்லை. 2009-இல் தாத்தா இறந்தார். டில்லர் மாட்டுக் கொட்டகையில் பதினோரு வருஷம் நின்னுச்சு. கோழி அதில் முட்டை வச்சுது. பழைய இரும்புக்காரர் ரெண்டு தடவை வந்து எடை கேட்டுட்டுப் போனார். 2020-இல் வேலை வீட்டிலிருந்துன்னு ஆனப்போ நான் ஊருக்கு வந்தேன். பெரியப்பா சொன்னார்: "ஏஞ்சாமி, சும்மா லேப்டாப்பையே பார்த்துக்கிட்டு இருக்கறதுக்கு அதை ஒரு கை பாரேன். ஓடுனா வச்சுக்கலாம், இல்லைன்னா எடைக்குப் போடலாம்."

ஆக, அது ஓடணும். இல்லைன்னா போயிடும்.

முதல் பிரச்சினை, பிஸ்டன் ஒட்டிக்கிச்சு. ஹேண்டிலைப் போட்டுச் சுத்தினா ஃப்ளைவீல் அசையவே இல்லை. நான் சுத்தியல் தேடினேன். பெரியப்பா அதைப் பிடுங்கி வச்சுட்டார். நாசிலைக் கழட்டி, ஹெட் இருக்கிற பக்கத்தை ஜாக்கி வச்சுத் தூக்கி, அந்த ஓட்டை வழியா டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தினோம். சிலிண்டர் படுத்திருக்கிறதால், தூக்காம ஊத்தினா எண்ணெய் அடிப்பக்கம் மட்டும் தேங்கி நிக்கும், மேல் பக்கத்து ரிங்கு காஞ்சே கிடக்கும். நாலு நாள் சும்மா விட்டோம். அஞ்சாம் நாள் ஃப்ளைவீலை முன்னும் பின்னும், தொட்டில் ஆட்டுற மாதிரி. ஒரு நூல் அசைஞ்சுது. அப்புறம் ஒரு விரல். அன்னைக்கு மத்தியானம் முழுச் சுத்து வந்துச்சு. சுத்தியலால் அடிச்சிருந்தா பிஸ்டன் உடைஞ்சிருக்கும், நானும் சென்னைக்குத் திரும்பியிருப்பேன்.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. திறந்தால் உள்ளே எதிர்பார்த்த அளவு உப்புப் பாறை இல்லை. எங்க ஊர் கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சா பாத்திரத்தில் வெள்ளையாப் படியும். இன்ஜினில் அப்படிப் படிஞ்சா சூடு வெளியே போகாது, ஹெட் கேஸ்கெட் போயிடும். அப்புறம் ஏன் இது சுத்தமா இருக்கு? பெரியப்பாதான் சொன்னார்: தாத்தா டில்லருக்கு மழைத்தண்ணி மட்டும்தான் ஊத்துவாராம், கூரையிலிருந்து டிரம்மில் பிடிச்சு வச்சது. இன்ஜின் சூடா இருக்கும்போது பச்சைத் தண்ணி ஊத்த விடமாட்டாராம், இரும்பு வெடிச்சிடும்னு. இதைக் கேட்டதும் எனக்கு அவரோட பல்லுதான் ஞாபகம் வந்துச்சு. தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அந்தத் தலைமுறையில் நிறைய பேருக்குப் பல் பழுப்பேறி இருக்கும். அதுக்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது 2013-இல். தாத்தா அதைப் பார்க்கலை. மெஷினுக்கு மழைத்தண்ணி கொடுத்தவர் கடைசி வரைக்கும் கிணத்துத் தண்ணிதான் குடிச்சார்.

ஏர் ஃபில்டர் பழைய ஆயில் கிண்ண வகை. கம்பி வலையை மண்ணெண்ணெயில் அலசிக் காயவச்சு, கிண்ணத்தில் கோடு வரைக்கும் புது ஆயில். இது ரொம்பச் சின்ன வேலை, ஆனா இதைச் செய்யாத டில்லர்தான் சீக்கிரம் சாகும். புழுதியில் ஓடுற மெஷின். உள்ளே போற தூசி லைனரை உப்புத்தாள் மாதிரித் தேய்ச்சிடும். பெல்ட் மூணுல ஒண்ணு அறுந்திருந்தது. அந்த ஒண்ணை மட்டும் மாத்தினேன், தப்பு. புதுசு இறுக்கமா நின்னு முழு இழுவையையும் அதுவே வாங்கும், பழசு ரெண்டும் சும்மா கூட ஓடும். மாத்தினா மூணையும் சேர்த்துத்தான் மாத்தணும். டேப்பெட் இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ் இல்லை. தாத்தாவோட டூல் பெட்டியில் ஒரு காகிதத்தில் சுத்தின சவர பிளேடு ரெண்டு இருந்தது. அது ஏன் அங்கேன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். ஒரு பிளேடு கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். ரெண்டு சேர்த்தா 0.2. எங்க இன்ஜினுக்கு அது தோதா இருக்கு. உங்க இன்ஜினுக்கு எவ்வளவுன்னு அதோட மேனுவலைப் பாருங்க, என்னைத் திட்டாதீங்க.

டீசல் வரலைன்னா குழாயில் காத்து மாட்டியிருக்கும், அதான் ஏர் லாக். பம்பு பக்கத்து ஸ்க்ரூவை லேசா லூஸ் பண்ணி, நுரை நின்னு டீசல் ஒரே தாரையா வர்ற வரைக்கும் விடணும், அப்புறம் இறுக்கணும். ஹேண்டில் போடும்போது கட்டை விரலை மத்த விரலோட ஒரே பக்கமா வச்சுப் பிடிக்கணும். சுத்தி வளைச்சுப் பிடிச்சா, இன்ஜின் பின்பக்கமா உதைக்கும்போது விரல் போயிடும். எங்க பக்கத்தில் கட்டை விரல் கோணலான பெரியவங்க சில பேரைப் பார்த்திருக்கேன். பாதிப் பேர் ஆயில் இன்ஜின் காலத்து ஆளுங்க.

மூணு வாரத்தில் ஓடுச்சு. கறும்புகை, அப்புறம் வெள்ளைப் புகை, அப்புறம் ஒண்ணுமில்லை. பாட்டி வந்து பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம உள்ளே போயிட்டாங்க.

இதுவரைக்கும் பெருமை. இனிமே என் தப்பு.

ஓட ஆரம்பிச்சதும் எனக்கு அந்த அமெரிக்க வீடியோ ஆசை வந்துடுச்சு. வயர் பிரஷ், உப்புத்தாள், பிரைமர், சிவப்பு பெயிண்ட். ஹேண்டிலில் ரெண்டு பக்கமும் வெள்ளைப் பெயிண்ட்டில் கோணல் மாணலா எழுத்து இருந்தது. ரெண்டு கைப்பிடியிலும் மேலே 'மே', கீழே 'இ', பக்கத்தில் ஒவ்வொண்ணுக்கும் ஒரு அம்புக்குறி. பழைய ஓனர் ஏதோ கிறுக்கியிருக்கார்னு நினைச்சேன். தேய்ச்சு எடுத்துட்டு மேலே சிவப்பு அடிச்சேன். போட்டோ எடுத்துப் போட்டேன், நல்ல லைக்கு.

டில்லரில் ஸ்டியரிங் வட்டம் கிடையாது. ரெண்டு கைப்பிடியிலும் ஒவ்வொரு லீவர். இடது லீவரை அமுக்கினால் இடது சக்கரத்துக்கு இன்ஜின் விசை துண்டிக்கப்படும். வலது சக்கரம் தொடர்ந்து உந்தும், வண்டி இடது பக்கம் திரும்பும். சமதளத்தில், மேட்டில், இதுதான் கணக்கு. இப்போ பின்னாடி டிரெய்லர் மாட்டி, சுமை ஏத்தி, இறக்கத்தில் விடுங்க. இங்கே இன்ஜின் வண்டியை இழுக்கலை, பின்னாடி இருக்கிற பாரம் வண்டியைத் தள்ளுது, இன்ஜின் சக்கரங்களைப் பிடிச்சு நிறுத்துது. இந்த நேரத்தில் இடது லீவரை அமுக்கினா இடது சக்கரத்துக்கு அந்தப் பிடிப்பு விடுபடும். அது வேகமா உருளும், வலது மெதுவாத்தான் போகும். வண்டி வலது பக்கம் திரும்பும். நீங்க நினைச்சதுக்கு நேர் எதிர்.

நெல்வயலுக்குன்னு வளர்ந்த மெஷின் இது. தரை சமமா இருக்கிற வரைக்கும் இந்தப் பிரச்சினை பெரிசா வராது. எங்க ஊரில் சமமான இடம்னா களத்துமேடு ஒண்ணுதான்.

2021 தை மாசம் தக்காளிக் கூடைகளை ஏத்திக்கிட்டு, தோட்டத்திலிருந்து மேட்டூர் ரோட்டுக்கு இறங்கினேன். தொப்பூர் கூட்ரோட்டில் லாரிக்காரர் காத்துக்கிட்டிருந்தார். நடு இறக்கத்தில் எதிரே ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்துச்சு. நான் ஒதுங்க இடது லீவரைப் பிடிச்சேன். வண்டி அந்தப் பொண்ணை நோக்கிப் போச்சு. இன்னும் பலமா அமுக்கினேன், இன்னும் வேகமா அந்தப் பக்கமே போச்சு. அந்தப் பொண்ணு சைக்கிளைப் போட்டுட்டுக் கரை மேல ஏறிக்கிச்சு. டில்லர் சைக்கிள் மேல ஏறி, கல்லுக்கட்டில் மோதி நின்னுச்சு. தக்காளி ரோடு முழுக்க. எனக்கு முழங்காலில் அடி, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலை. இந்த வரியைச் சொல்லும்போது இன்னும் எனக்குக் கை வேர்க்குது.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். மோதின வண்டியை ஒரு சுத்து பார்த்தார். கைப்பிடியைத் தடவினார். "எழுத்து எங்கே?" என்றார்.

அப்போதான் தெரிஞ்சுது. 1991-இல் தாத்தாவும் அதே இறக்கத்தில் விழுந்திருக்கார். வலது தோள்பட்டை இறங்கிப்போய், அதுக்கப்புறம் அந்தக் கையை அவரால் தலைக்கு மேல தூக்க முடியலை. அவர் சட்டை போடும்போது பாட்டி உதவி பண்றதைச் சின்ன வயசில் பார்த்திருக்கேன், ஏன்னு கேட்டதில்லை. கட்டு அவிழ்த்த அன்னைக்கு அவர் செஞ்ச முதல் வேலை, சுண்ணாம்பு அடிக்கிற பிரஷ்ஷை எடுத்து எழுதினது. 'மே'ன்னா மேடு, 'இ'ன்னா இறக்கம். எந்த லீவரைப் பிடிச்சா எங்கே எந்தப் பக்கம் போகும்னு அம்பு. வீட்டில் வேற யார் ஓட்டினாலும் தெரியணும்னு. கூடவே ஒரு சட்டம்: இறங்கும்போது முதல் கியர், கிளட்சைத் தொடக்கூடாது, நியூட்ரல் கூடவே கூடாது, முடிஞ்ச வரைக்கும் லீவரை விட்டுட்டுக் கைப்பிடியைத் தள்ளித் திருப்பணும். நெடுஞ்சாலையில் இறங்குற ஒவ்வொரு லாரி டிரைவருக்கும் சொல்லவேண்டிய சட்டத்தில் பாதி இது.

மேனுவலில் இதெல்லாம் எங்கேயாவது போட்டிருக்கும். எங்க வீட்டுக்கு மேனுவல் வரலை. வந்தது அந்த ரெண்டு எழுத்து. அதைத்தான் நான் துருன்னு நினைச்சுத் தேய்ச்சுட்டேன்.

அந்தப் பொண்ணுக்குப் புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம். அவங்க அப்பா இன்னும் என்கிட்ட சரியாப் பேசறதில்லை, அது நியாயம்தான். டிரெய்லருக்குத் தனி பிரேக் ஷூ மாத்தினேன். கல்லில் மோதி வளைஞ்ச கைப்பிடியை நல்லம்பள்ளியில் ஒரு லேத்துப் பட்டறையில் கொடுத்து நிமித்தினேன். அவர் வெல்டிங் வச்ச இடம் துருத்திக்கிட்டு அசிங்கமாத்தான் இருக்கு. அதைத் தேய்க்கலை. இரும்புக்காரர் மறுபடி வந்தார். பெரியப்பா அவருக்கு டீ கொடுத்து அனுப்பிட்டார்.

எழுத்தை நானே எழுதினேன், வெள்ளை எனாமலில். அம்பு தப்பாப் போடக்கூடாதுன்னு, முதல்ல காலி டிரெய்லரோட களத்துமேட்டுச் சரிவில் மெதுவா இறக்கிப் பார்த்து, ஒவ்வொண்ணா வரைஞ்சேன். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தாங்க. என்னோட 'இ' தாத்தாவோடது மாதிரி இல்லையாம். அவரோடது இன்னும் கொஞ்சம் குண்டா இருக்குமாம்.